மூட்டு வலிக்குக் காந்த வைத்தியமா?

"காந்த மெஷின்ல காலை நீட்டிக்கிட்டு இருந்தா முழங்கால் வலி போயிடுமாமே! ஆபரேஷனே வேண்டாமாமே!"

கல்யாண வீட்டிலோ கோயில் பிராகாரத்திலோ நாலு பெண்கள் கூடினால் முழங்கால் பேச்சு வராமல் இருக்காது. மாமியாருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. சேமிப்பில் கை வைக்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோமே!

அது என்ன சிகிச்சை?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலத்த காந்தத்தின் நடுவே ரேடியோ அலையை அனுப்பினால், உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் பதில் சமிக்ஞை தரும். அதை வைத்துப் படம் எடுக்கிறார்கள். இதற்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே தத்துவத்தில், மிகமிகக் குறைந்த காந்த சக்தியோடு, ஜெர்மனியில் உருவானதுதான் காந்த ஒத்ததிர்வு சிகிச்சை. ஊசி இல்லை, கத்தி இல்லை. தினம் ஒரு மணி நேரம் வீதம் சில நாள் செய்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக்கூடாது.

பலன் உண்டா?

ஸ்கேன் படம் காட்டுவது நிரூபணமான விஷயம். ஆனால் சிகிச்சையால் தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிலருக்கு வலி குறைகிறது, வாஸ்தவம்தான். ஆனால் மூட்டு வலி தானாகவே ஏறும், இறங்கும். வலி தாங்காமல் ஓடுகிற சமயத்தில் வைத்தியம் ஆரம்பித்தால், அது தானாக இறங்கினாலும் பெயர் மெஷினுக்குத்தான்!

செலவில்லாத வைத்தியம்

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டை அசைக்கும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டாற்போல, சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் அதற்குப் போஷாக்கு கிடைக்கிறது. வலிக்கிறதே என்று ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை இளைத்து, முழங்காலுக்குப் பாரம் கூடும். பிரிட்டன் அரசின் 2022 மருத்துவ வழிகாட்டியும் உடற்பயிற்சியையும், பருமனானவர்களுக்கு எடைக் குறைப்பையும்தான் முதலில் வைக்கிறது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, மனதுக்குள் ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலை மாலை இரு வேளை. குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும்! முதலில் கொஞ்சம் வலித்தால் பயம் வேண்டாம்; வலி அதிகமானால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. மிச்சமான சாதத்தை "வீணாகுதே" என்று வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை விட்டாலே பாதி வெற்றி.

தாமதம் கூடாது

மூட்டு சிவந்து, சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்த பின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். காலையில் விரல்கள் அரை மணிக்கு மேல் விறைத்திருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மூட்டைக் காப்பாற்ற முடியும்.

அப்படியும் மெஷினை முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் எலும்பு டாக்டரிடம், "இவங்களுக்கு இது அவசியமா? இதனால என்ன குணமாகும்?" என்று கேட்டுவிடுங்கள். அதுவரை அம்மாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, நீங்களும் காலை நீட்டுங்கள்!