இரும்புக்கு உள்ளே பருத்தி

போர்க்கவசம்னா நமக்கு ஞாபகம் வருவது இரும்புதான். அந்த இரும்புக்கு உள்ளே இருந்து வீரனைக் காப்பாற்றியது எது தெரியுமா நண்பர்களே? நம்ம அருப்புக்கோட்டைக் கரிசக்காட்டில் வெடிக்கிற பருத்தியின் சொந்தக்காரன்தான்!

சங்கிலிக் கவசத்தை வாள் வெட்டாது. ஆனால் அடி உள்ளே இறங்கி எலும்பு முறியும். அதனால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைச் சட்டை போட்டார்கள். ஐரோப்பாவில் இதற்கு 'காம்பெசன்' என்று பெயர். 'அக்டன்' என்ற இன்னொரு பெயர், பருத்தியைக் குறிக்கும் 'அல் குத்ன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1181-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, சாதாரணக் குடிமக்களும் இந்தச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலும் மெத்தைக் கவசம் உண்டு.

தைப்பது எப்படி? இரண்டு துணிக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத் தையல் ஓட்டணும். இல்லாவிட்டால் பஞ்சு கீழே இறங்கிவிடும். பஞ்சு உப்பும்போது துணி சுருங்கும். ஆகவே அளவைவிடப் பெரிசா வெட்டணும். அக்குளில் தனித்துண்டு வைத்தால்தான் கையைத் தூக்க முடியும்.

தத்துவம் நாம் மெக்கானிக்ஸில் படித்ததுதான். உந்தம் மாறாது; அது அடங்கும் நேரம் நீண்டால் விசை குறையும். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

பைக் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோலுக்கும் இதே வேலைதான். ஒரு தடவை பலமா அடிபட்டால் அது நசுங்கிவிடும், மறுபடி காப்பாற்றாது. வெளியே கீறல் இல்லையேன்னு அதையே மாட்டிக்கிட்டு திருச்சுழி ரோட்டில் பறக்காதீங்க. உடனே மாத்திடுங்க!