மைதானத்துக்கு வெளியே என்ன சட்டை?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

கூடைப்பந்து ஆடுகிறவன் ஆடும்போது என்ன போடுவது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. கையில்லாத பனியன், தொளதொள அரை டிராயர், ஷூ. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து குளித்து முழுகி வெளியே வரும்போது அவன் என்ன போட வேண்டும்? அது அவன் இஷ்டம் என்றுதானே நீங்களும் நானும் சொல்வோம்! அமெரிக்காவில் அப்படி விடவில்லை. அதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். "மலரில் ஏண்டா கூடைப்பந்து? நம்ம துறைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆசிரியர் குழு அண்ணன் ஒருவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது அண்ணே, படித்துப் பாருங்கள்.

என்.பி.ஏ. என்பது அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீக். மொத்தம் 30 அணிகள். 29 அமெரிக்காவில், ஒன்று மட்டும் கனடாவின் டொரான்டோவில். லீக்கின் தலைவரைக் கமிஷனர் என்பார்கள். 1984 முதல் 2014 வரை முப்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர் டேவிட் ஸ்டெர்ன். அவர்தான் 2005 அக்டோபர் 17-ஆம் தேதி உடை விதியை அறிவித்தார். அந்த நவம்பர் மாதம் தொடங்கிய சீசன் முதல் அமலுக்கு வந்தது. மீறினால் அபராதம், மேலும் மீறினால் ஆட்டத்திலிருந்து நீக்கம்.

விதி என்ன சொன்னது? அணி வேலையாகவோ லீக் வேலையாகவோ எங்கே போனாலும் அலுவலகத்துக்குப் போகிற மாதிரி உடுத்த வேண்டும். அரங்குக்கு வரும்போது, போகும்போது, பேட்டி கொடுக்கும்போது, விழாவுக்குப் போகும்போது, எல்லாவற்றுக்கும் இதுதான். காலர் வைத்த சட்டை அல்லது ஸ்வெட்டர், நல்ல பேன்ட், சாக்ஸ், ஷூ. காயம் பட்டு ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் மேலே கோட்டும் கட்டாயம். கூடாதவை பட்டியல் இன்னும் நீளம்! டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, ஜெர்சி பனியன் கூடாது. பெஞ்சில் இருக்கும்போது தலையில் தொப்பி, துணி எதுவும் கூடாது. கட்டடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி கூடாது. சட்டைக்கு மேலே தெரிகிற மாதிரி செயின், டாலர் தொங்கக் கூடாது. காதில் ஹெட்ஃபோன் வேண்டுமானால் பஸ், விமானம், உடை மாற்றும் அறை இவற்றோடு சரி.

காலணிப் பட்டியலில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கேன்வாஸ் ஷூ, செருப்பு இவற்றோடு ஒர்க் பூட்ஸும் கூடாதாம். ஒர்க் பூட்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, கட்டட வேலைக்கும் ஃபேக்டரிக்கும் போட்டுக்கொண்டு போகிற கனத்த பூட்ஸ். உழைக்கிறவன் காலில் இருக்கிற ஒன்றைப் பார்க்க லட்சணமாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் காக்கி பேன்ட்டுக்கு அனுமதி உண்டு! நம்ம ஒர்க்‌ஷாப் காக்கி அங்கே ஜென்டில்மேன் உடை, நம்ம ஷூ மட்டும் வாசலில் நிற்க வேண்டும்.

இப்போது நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே வருவோம். முழுக்கைச் சட்டை பட்டன் போடாமல் லேத் பக்கம் போனால் இன்ஸ்ட்ரக்டர் சார் விடுவாரா? கையில் கயிறு, கழுத்தில் செயின் இருந்தால் கழற்றச் சொல்வார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சுற்றுகிற சக்கில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பது முதல் நாளே நமக்குத் தெரியும். விதிக்குக் காரணம் மெஷினில் இருக்கிறது. கூடைப்பந்து ஆடும்போது நகை போடக்கூடாது என்பதும் இப்படித்தான். தவ்வும்போது எதிராளி கண்ணில் குத்தும், விரலைக் கிழிக்கும். ஆனால் ஆடி முடித்தவன் செயினை டி-ஷர்ட்டுக்கு மேலே போட்டால் யாருக்குக் காயம்? இங்கே விதிக்குக் காரணம் பார்க்கிறவர்கள் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண் யாருடையது என்பதுதான் 2005-ல் எழுந்த சண்டை.

அதற்கு முந்தின வருஷம், 2004 நவம்பர் 19 அன்று, டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில் இண்டியானா பேஸர்ஸுக்கும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கும் ஆட்டம். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது ஆட்டக்காரர்களுக்குள் தள்ளுமுள்ளு. மேஜைமேல் படுத்துக்கிடந்த ரான் ஆர்டெஸ்ட் மேல் ரசிகர் ஒருவர் பானம் நிறைந்த கப்பை வீசினார். ஆர்டெஸ்ட் எழுந்து ரசிகர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். அப்புறம் அடிதடிதான். டி.வி.யில் நாடே பார்த்தது. ஒன்பது பேருக்குத் தடை, எல்லாம் சேர்த்து 146 ஆட்டங்கள். ஆர்டெஸ்ட்டுக்கு மட்டும் 86. அதன் பிறகு லீக்கின் பெயரைத் தூக்கி நிறுத்த வேண்டிய கவலை நிர்வாகத்துக்கு வந்தது. டிக்கெட்டும் விளம்பரமும் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் முகம் சுளிக்கக்கூடாதே! உடை விதி அந்தக் கவலையிலிருந்து பிறந்தது என்றே பலரும் எழுதினார்கள். எனக்கு ஒன்று மட்டும் வேடிக்கையாகப் படுகிறது. அன்று அடித்துக்கொண்டவர்கள் உடம்பில் இருந்தது லீக் கொடுத்த பனியன்தான். செயினும் இல்லை, தொளதொள ஜீன்ஸும் இல்லை.

இந்த விதி யார் உருவத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: ஆலன் ஐவர்சன். வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற ஊரில் 1975-ல் பிறந்தவர். அவர் பிறந்தபோது தாய்க்கு வயது 15. வறுமையில் வளர்ந்தார். 1996-ல் ஃபிலடெல்ஃபியா அணி அவரை முதல் ஆளாகத் தேர்வு செய்தது. ஆறடி உயரம்தான், அந்த ஆட்டத்தில் அது குட்டை. ஆனாலும் 2001-ல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். தலை முழுக்க வரிவரியாகப் பின்னல், கை நிறையப் பச்சை, பெரிய சைஸ் சட்டை, கழுத்தில் செயின். அது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் மத்தியில் உருவான ஹிப்-ஹாப் இசையோடு வளர்ந்த தோற்றம். லீக்கின் சொந்தப் பத்திரிகை ஒன்று ஒருமுறை அட்டையில் அவர் படத்தைப் போட்டு, உடம்பிலிருந்த பச்சையை அழித்துவிட்டது! ஆட்டம் வேண்டும், ஆள் வேண்டாம்.

விதி வந்ததும் ஐவர்சன் சும்மா இருக்கவில்லை. கோட் மாட்டினால் கெட்டவன் நல்லவனாகிவிடுவானா என்ற பொருளில் கேட்டார். தன் தலைமுறையைக் குறிவைத்த விதி என்றார். இண்டியானாவின் ஸ்டீஃபன் ஜாக்சன் மற்ற விதிகளைக்கூட ஏற்கத் தயார், செயின் தடை மட்டும் கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்தது என்று சொல்லி, விதி அமலாகுமுன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு நாலு செயின் போட்டுக்கொண்டு வந்தார். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பதை நினைவில் வைத்தால்தான் அந்தக் கோபம் புரியும். போதாக்குறைக்கு, பழைய அணிகளின் ஜெர்சிகளை லீக்கே உரிமம் கொடுத்து ரசிகர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. விற்கலாம், ஆட்டக்காரன் போடக்கூடாது!

மறுபக்கமும் உண்டு. லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் விதியை ஆதரித்தார். பையன்கள் ஜெயில் உடுப்பு மாதிரி போட்டுத் திரிகிறார்கள் என்கிற அளவுக்குப் பேசினார். அப்போது இருபது வயதான லெப்ரான் ஜேம்ஸ், இது வேலை, வேலைக்குப் போகிற மாதிரி போவோமே என்று ஏற்றுக்கொண்டார். லெப்ரான் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. சம்பளம் கொடுக்கிற இடம் நாலு விஷயம் கேட்கத்தான் செய்யும். ஃபில் ஜாக்சன் பேசியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சட்டையைப் பார்த்து ஆளை ஜெயிலோடு சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

டென்வர் அணியின் மார்கஸ் கேம்பி சொன்னதைத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். இப்படி உடுத்த வேண்டுமென்றால் துணி வாங்க லீக் படி கொடுக்கட்டும் என்றார் அவர். வருஷத்துக்குப் பல மில்லியன் டாலர் வாங்குகிறவர் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மில்லியனை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபார்மல் சட்டை, பெல்ட், கறுப்பு ஷூ என்று சீனியர்கள் சொன்னதும் அப்பா கேட்ட முதல் வார்த்தை, "என்ன வெலடா ஆகும்?" இரண்டாவது, "அப்புறம் எதுக்குடா போடப்போற அத?" அப்பா இருபது வருஷமாக லுங்கியிலும் பனியனிலும் வேலை செய்து சம்பாதித்தவர். அவர் வேலையில் குறை சொன்னவர் யாரும் இல்லை. உடை விதி போடுகிறவர்கள் அந்தத் துணி எல்லார் வீட்டுப் பீரோவிலும் ஏற்கனவே தொங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். அடுத்து நடந்ததை ஸ்டெர்ன் எதிர்பார்த்திருப்பாரா, சந்தேகம்தான். கோட் போடு என்றார்களா? போட்டார்கள். எப்படிப்பட்ட கோட்! முதலில் உடம்பைப் பிடித்தாற்போலத் தைத்த சூட். டுவேன் வேட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் போன்றவர்கள் பேட்டிக்கு வரும்போது பூப்போட்ட சட்டை, நிறம்நிறமாய் பேன்ட் என்று வர ஆரம்பித்தார்கள். வண்டியை விட்டு இறங்கி உடை மாற்றும் அறைக்கு நடக்கிற அந்தச் சின்ன வழியில் போட்டோகிராபர்கள் வரிசையாக நின்றார்கள். வெஸ்ட்புரூக் சொந்தத் துணி பிராண்டே தொடங்கிவிட்டார். 2018 பிளே-ஆஃபில் லெப்ரான் தன் க்ளீவ்லாந்து அணிக்காரர்களுக்கெல்லாம் தாம் பிரவுன் என்ற டிசைனரின் சாம்பல் சூட் எடுத்துக் கொடுத்தார். இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு அவர் மட்டும் மேலே கோட், கீழே அரைக்கால் சட்டை என்று வந்து இறங்கினார். 2005 பட்டியலில் அரைக்கால் சட்டை தடை செய்யப்பட்டிருந்ததை ஞாபகம் வையுங்கள்! 2021-ல் வாஷிங்டனின் கைல் குஸ்மா போட்டுவந்த ரோஸ் கலர் ஸ்வெட்டரின் கை, விரல்களைத் தாண்டி எங்கேயோ தொங்கியது. ஸ்வெட்டருக்கு விதியில் அனுமதி உண்டே, யார் என்ன சொல்ல முடியும்? அந்தக் கையோடு அவர் நம்ம லேத் பக்கம் மட்டும் வராமல் இருக்கட்டும்.

பணம் உள்ளவன் விதியையே அலங்காரமாக மாற்றிக்கொண்டான் என்றும் சொல்லலாம். வாயை அடைக்க வந்த விதியிலேயே பேசக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் இன்று போட்டோகிராபர்கள் தேடித்தேடிப் படமெடுக்கும் தொளதொள பேன்ட்டையும் செயினையும் முதலில் போட்டு வசவு வாங்கியவர் ஐவர்சன். 2016-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

2020-ல் கொரோனா வந்து, ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகத்துக்குள் 22 அணிகளை அடைத்துவைத்து சீசனை முடித்தபோது விதி தளர்ந்தது. பெஞ்சில் கோட் வேண்டாம் என்றார்கள். கோட்டும் டையுமாகவே பழகிய பயிற்சியாளர்களும் போலோ சட்டைக்கு மாறினார்கள். சீசன் முடிந்தது, வளாகத்தை விட்டு வெளியே வந்தார்கள், ரசிகர்களும் அரங்குக்குத் திரும்பினார்கள். பயிற்சியாளர்கள் மட்டும் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை. அணியின் பெயர் போட்ட புல்லோவரில்தான் கோட்டோரம் நின்று கத்துகிறார்கள்.