கடப்பைக் கல்லில் ஒரு வனம்

சேஷாசல மலைத்தொடரின் அடிவாரத்தில், விஜயநகர மன்னர்களுக்குப் பிற்காலத்தில் இராஜதானியாக விளங்கிய சந்திரகிரியில், பழைய சுவர்களை மரங்கள் பற்றிக்கொள்ளும் காட்சிக்குப் பஞ்சமில்லை. பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்த விதை, காரை பெயர்ந்த இடுக்கிலே வேரூன்றி, சிறிது ஈரத்தையும் தூசியையுமே ஆகாரமாகக் கொண்டு, ஆலாகவும் அரசாகவும் கல்லிச்சியாகவும் முழ உயரம் தாண்டாமல் பல காலம் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரருக்கு விரோதியான அந்தக் கன்று, போன்சாய் எனப்படும் வாமன விருக்ஷக் கலையில் பற்றுடையவருக்கு ஒரு வனத்தின் ஆரம்பமாகும்.

போன்சாய் என்றதும் தொட்டியில் ஒற்றையாய் நிற்கும் கிழமரமே பலருடைய நினைவுக்கு வரும். ஆயினும், பல மரங்களை ஒரே தட்டில் நட்டு வனத்தின் தோற்றத்தை உண்டாக்கும் ‘யோசே-உயே’ முறை, ஜப்பானியர் மிகவும் போற்றி வளர்த்ததொன்று. ஓமியா கிராமத்து சபுரோ காட்டோ (1915–2008) எசோ என்னும் ஊசியிலை மரங்களைக் கொண்டு அமைத்த வனங்களால் கீர்த்தி பெற்றார். அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் நாகா, தம் பேரக்குழந்தைகளைக் குறிக்கும் 11 மரங்களைச் சேர்த்து அமைத்த ‘கோஷின்’ 1984 முதல் வாஷிங்டன் தேசியத் தாவரச் சோலையில் இருக்கிறது. இம்முறையின் விசேஷம் யாதெனில், தனித்து நின்றால் எவரும் ஏறெடுத்துப் பாராத மெலிந்த கன்றும், ஒரு பக்கம் கிளையற்ற கன்றும், கூட்டத்தில் தத்தமக்குரிய ஸ்தானத்தைப் பெற்றதும் குறை நீங்கிக் குணமாகிவிடுவதுதான்.

கன்றுகளை எங்கே தேடுவது? மலையில் அன்று. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரத்தின் தாயகம்; அங்கே ஒரு செடியைப் பறிப்பதும் குற்றம். சந்திரகிரிக் கோட்டை மதிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நம் வீட்டு மொட்டைமாடியும், உரியவர் அனுமதித்த சுற்றுச்சுவரும், மழைக்குப் பின் முளைத்து வெயிலில் மடியும் கன்றுகள் நிறைந்த தோட்டத்துப் புளியமரத்தடியுமே போதுமானவை. அரசின் இலை பெரிது. முதல் முயற்சிக்குச் சிற்றிலையுடைய புளியோ கல்லிச்சியோ உத்தமம். எல்லாம் ஒரே ஜாதியாக இருத்தல் அதனினும் உத்தமம்.

சேகரித்த கன்றுகளை உடனே வனமாக்குவது அவசரக்காரர் செய்யும் காரியம். புளியின் ஆணிவேரைக் குறைத்து, ஆழமில்லாத தட்டில் ஓராண்டு வளர்த்தால் பக்கவேர்கள் பெருகும். அக்கினி நட்சத்திரம் கழிந்து, முதல் மழையில் வெப்பம் தணிந்ததும் நடவு தொடங்கலாம். இவ்வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் கடப்பைக் கல்லே சிறந்த தட்டு. கன்றுகளைக் கட்டி நிறுத்தக் கம்பி நுழையும் துளைகளை இட்டு, விளிம்பைச் சுற்றிக் குழைத்த ஏரி வண்டலால் வரப்புபோல் கரை கட்டி, உள்ளே தூள் சலித்த செங்கல் ஜல்லி, ஆற்று மணல், மக்கிய இலையுரம் ஆகியவற்றின் கலவையைப் பரப்ப வேண்டும்.

ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் நடுவதே சம்பிரதாயம். அனைத்திலும் உயர்ந்து பருத்த கன்றை நட்டநடுவில் வைக்காமல், கல்லின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முதலில் நிறுத்தி, அதனையடுத்துப் பருமனில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நெருக்கமாக வைத்து, மெலிந்தவற்றைப் பின்புறமும் ஓரங்களிலும் நட்டால், சில அங்குல இடத்திலே தூரம் என்னும் பிரமை பிறக்கிறது. எந்த மூன்றும் நேர்கோட்டில் நிற்கலாகாது. முன்னிருந்து நோக்குகையில் ஒன்றை மற்றொன்று மறைக்கலாகாது. ஓரத்து மரங்கள் வெளிச்சத்தை நாடிச் சற்றே வெளிப்புறம் சாய வேண்டும். நடுவிலுள்ளவற்றின் கீழ்க்கிளைகளை நீக்கிவிட வேண்டும். இயற்கைக் காட்டின் தர்மமும் அதுவே.

நட்டபின் இரண்டு மூன்று வாரம் நிழலும், புதுத் தளிர் விடும்வரை உரமின்மையும், கல்லின் மேல் மண் மெல்லியதாதலால் கோடையில் இருவேளை நீரும் அவசியம். ஒற்றை மரம் முதுமைக்கோலம் பூணப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும்; வனமோ நட்ட அன்றே வனமாகத் தோன்றிவிடும். ஆதலின் இக்கலையைப் புதிதாகப் பயில விழைவோர் ஒற்றை மரத்தை விட்டு, வனத்திலிருந்தே தொடங்குவது நலம்.