ஆறு வயதுக் கடைவாய்ப்பல்: பிள்ளையைத் திட்டும் முன் பாருங்கள்

"ஒழுங்கா பல் தேய்க்கிறதில்ல, மிட்டாய் தின்னே பல்லு போச்சு." ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அடிக்கடி வாங்கும் வசவு இது. சில பிள்ளைகளை இப்படித் திட்டுவது அநியாயம். அவர்களின் நிரந்தரப் பல் ஈறைவிட்டு வெளிவரும்போதே எனாமல் வலுவிழந்து இருக்கிறது. முதல் கடைவாய்ப்பற்களிலும் சில வேளை முன்பற்களிலும் வரும் இந்தத் தாதுக் குறைபாட்டை மருத்துவர்கள் 'எம்ஐஎச்' என்கிறார்கள். உலக அளவில் 13 முதல் 14 சதவீதப் பிள்ளைகளுக்கு இது இருப்பதாக மதிப்பீடு.

ஏன் வருகிறது?

நல்ல எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் எனாமல், பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் உருவாகி முடிகிறது. பேறுகாலச் சிக்கல், சிறு வயதில் அடிக்கடி வந்த கடுங்காய்ச்சல், மரபுக்கூறு எனப் பல காரணங்கள் சேர்ந்து அதைப் பாதிக்கக்கூடும். ஒற்றைக் காரணம் இல்லை. அதனால் பிள்ளையையும் பழிக்க வேண்டாம், தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் இதையும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வெள்ளை, மஞ்சள், பழுப்பு நிறத்தில் ஓரம் தெளிவான திட்டு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், பல் தேய்க்கும்போது அழுகை, பல் பொடிந்து உதிர்தல் ஆகியவை அடையாளங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் வரும் கறை வேறு. அது பல பற்களில், இருபுறமும் ஒரே மாதிரி, ஓரம் தெளியாமல் பரவியிருக்கும். அங்கே குடிநீரைச் சோதித்தாக வேண்டும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை இந்தியத் தர அளவு அனுமதிக்கிறது.

மருத்துவரை அளந்து எழுதச் சொல்லுங்கள்

பல்லைச் சுத்தம் செய்து, ஈரத்தோடு பார்ப்பதே முறை. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திட்டுகளே கணக்கில் வரும். எந்தப் பல், என்ன நிறம், எவ்வளவு பரப்பு, உதிர்ந்திருக்கிறதா, கூச்சம் உண்டா என்று குறிப்பும் படமும் இருந்தால்தான் அடுத்த முறை வரும்போது நோய் முற்றியதா, சிகிச்சை பலித்ததா என்று ஒப்பிட முடியும்.

என்ன சிகிச்சை?

லேசான குறைபாட்டுக்கு 1,000 பிபிஎம் ஃப்ளூரைடு பற்பசையும், மருத்துவர் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷும் உதவும். பால் புரதம் சேர்ந்த தாதுப் பசையும் உண்டு; பால் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பல் பொடிந்து உதிரத் தொடங்கினால் கிளாஸ் அயனோமர் கொண்டு அடைக்கலாம். அதிகம் சிதைந்த கடைவாய்ப்பல்லை ஸ்டீல் கேப் காக்கும். இப்பற்களில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. பிள்ளை வலி என்றால் நம்புங்கள், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டிய நிலையில், எட்டு முதல் பத்து வயதுக்குள் சரியான தருணத்தில் எடுத்தால் அடுத்த கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வர வாய்ப்பு உண்டு. அதற்கு எக்ஸ்ரேயும் பல் சீரமைப்பு மருத்துவரின் கருத்தும் தேவை.

உங்கள் உரிமைகள்

சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதே செல்லுபடியாகும் சம்மதம் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எடுத்துக்காட்டாக, சொத்தையைத் தடுக்கப் பூசும் வெள்ளி கலந்த ஃப்ளூரைடு மருந்து, சிதைந்த இடத்தை நிரந்தரமாகக் கறுப்பாக்கும். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. அவசரப்படுத்தினால் வேறு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

2013-ல் தொடங்கிய 'ஆர்பிஎஸ்கே' என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பற்களும் அதில் அடக்கம். மேல்சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. உங்கள் பள்ளிக்கு எப்போது வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. மருந்துச் சீட்டு, ரசீது, எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் ஆறு வயது நிறைந்த பிள்ளை இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். திட்டு இருக்கும்போதே கவனித்த பல்லைப் பூச்சோடு காப்பாற்றலாம். உடைந்த பிறகு கேப்பும் ஊசியும் வேண்டியிருக்கும்.