வெளியே ஒரு பிளக்
விமான பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது எப்படி?



ஜீப்புக்கு பேட்டரி உண்டு. டிராக்டருக்கு உண்டு. யானையைத் தடுக்கும் சோலார் வேலிக்கும் உண்டு. வானத்தில் பறக்கும் விமானத்துக்கு பேட்டரி உண்டா?

உண்டு. அதுவும் நம் ஜீப் பேட்டரியைப் போலவே இறங்கிப்போகும். அதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்காகச் சிறிய விமானங்களில் வெளியே ஒரு பிளக் வைக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி இங்கே படிப்போம். நம் ஊர் பேட்டரிகளுக்கும் இது உதவும்.

வீட்டில் கட்டிய விமானம்

விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையில்தான் செய்வார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தனி மனிதர்களும் சிறிய விமானம் கட்டுகிறார்கள்.

நம் கேரளத்தில், இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். இவருக்குக் காது கேட்காது. வாய் பேச இயலாது. ஏழாம் வகுப்பு வரைதான் படித்தார். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க ஹெலிகாப்டர் வருவதைச் சிறு வயதில் பார்த்தார். விமானம் கட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது பிறந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு, இரண்டு பேர் அமரும் சிறிய விமானத்தைக் கட்டினார். ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் அவருக்குத் துணை நின்றார். 2014-ல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் நாயர் அந்த விமானத்தை ஓட்டிப் பறந்து காட்டினார். சஜியின் வாழ்க்கையைத் தழுவி 2017-ல் ‘விமானம்’ என்ற மலையாளத் திரைப்படமும் வந்தது.

இப்படிக் கையால் கட்டும் விமானங்கள் உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் உள்ளன.

பேட்டரி எதற்கு?

சிறிய விமானத்தில் பேட்டரிக்கு இரண்டு வேலை. ஒன்று, செல்ப் மோட்டாரைச் சுற்றி இன்ஜினைக் கிளப்புவது. மற்றொன்று, ரேடியோவுக்கும் விளக்குக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் கொடுப்பது.

பழைய மொபெட் வண்டிகள் பேட்டரி இல்லாமலே ஓடின அல்லவா? அவற்றில் மேக்னட்டோ இருந்தது. அது இன்ஜினோடு சேர்ந்து சுழன்று தானே பொறி கொடுக்கும். பல விமான இன்ஜின்களிலும் மேக்னட்டோ உண்டு. அவை கிளம்பிய பிறகு பேட்டரி இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் புதிய இன்ஜின்கள் சிலவற்றுக்கு மின்சாரம் நின்றால் இன்ஜினும் நின்றுவிடும்.

வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பது புதிய எண்ணம் அல்ல. 1903 டிசம்பர் 17-ல் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதல் விமானத்தில் பறந்தார்கள். இன்ஜினைக் கிளப்பப் பேட்டரிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து இணைத்தார்கள். இன்ஜின் கிளம்பியதும் பெட்டியைக் கழற்றித் தரையிலேயே விட்டார்கள். எடை குறைய வேண்டும் அல்லவா? கோயம்புத்தூர் போன்ற நிலையங்களில் நிற்கும் பெரிய விமானங்களுக்கும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி உண்டு.

பேட்டரி ஏன் இறங்குகிறது?

நாம் தினமும் காணும் ஈய ஆசிட் பேட்டரியை 1859-ல் பிரான்சு நாட்டு அறிஞர் பிளாந்தே கண்டுபிடித்தார். இதன் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி.

இந்த பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல இறங்கும். மழைக்காலத்தில் சிறிய விமானம் வாரக்கணக்கில் பறக்காமல் நிற்கும். பேட்டரி இறங்கியபடியே கிடந்தால் உள்ளே தகடுகளில் வெள்ளை உப்பு கட்டியாகப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பேட்டரி பழைய பலத்துக்கு வராது. பல ஆயிரம் ரூபாய் வீண்.

மீட்டர் வைத்துப் பார்த்தால் நிலை தெரியும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: நிறைந்திருக்கிறது.
12.2 வோல்ட்: ஏறக்குறையப் பாதி.
12 வோல்ட்டுக்குக் கீழே: உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

வெளியே பிளக் எதற்கு?

ஜீப்பில் பானெட்டைத் தூக்கினால் பேட்டரி தெரியும். சிறிய விமானத்தில் அப்படி இல்லை. இன்ஜின் மூடிக்குள்ளோ, இருக்கைக்குப் பின்னாலோ பேட்டரி ஒளிந்திருக்கும். எட்டுவதற்குப் பல திருகுகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு திருகு தொலையலாம். ஸ்பேனர் இரண்டு டெர்மினலிலும் ஒரே நேரத்தில் பட்டுப் பொறி பறக்கலாம். ஆகவே பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து, உடம்பின் ஓரத்தில் மூடியுள்ள ஒரு சாக்கெட்டில் முடிக்கிறார்கள். மூடியைத் திறந்து சார்ஜரைச் செருகினால் போதும்.

ப்யூஸ் எங்கே இருக்க வேண்டும்?

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

பிளஸ் ஒயரில் கட்டாயம் ப்யூஸ் வேண்டும். அது சாக்கெட் அருகில் இருந்தால் பயன் குறைவு. பேட்டரிக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

ஏன்? சார்ஜரைச் செருகாதபோதும் அந்த ஒயரில் பேட்டரியின் மின்சாரம் நிற்கிறது. பறக்கும்போது விமானம் அதிரும். ஒயர் தகட்டு விளிம்பில் உரசித் தோல் உரியும். செம்பு உலோக உடம்பில் பட்டால், பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல் ஒரே நொடியில் கொட்டும். மெல்லிய ஒயர் சிவக்கப் பழுத்து எரியும். பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருந்தால் என்ன ஆகும்?

ப்யூஸ் பேட்டரி அருகில் இருந்தால் அது முதலில் உருகி மின்சாரத்தை நிறுத்தும். ப்யூஸ் தூரத்தில் இருந்தால், பேட்டரிக்கும் ப்யூஸுக்கும் இடையில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. சாலையில் ஜீப் புகைந்தால் ஓரமாக நிறுத்திக் குதிக்கலாம். வானத்தில் ஓரம் இல்லை.

வேலையில் கவனிக்க வேண்டியவை

1. ஒயர் பல இழை கொண்ட செம்பு ஒயராக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும். 2 ஆம்பியர் சார்ஜருக்கு 5 ஆம்பியர் ப்யூஸ் போதும். ப்யூஸைவிட ஒயரின் தாங்கும் சக்தி அதிகமாக இருக்க வேண்டும்.

2. தகட்டுத் துளை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். சாணுக்குச் சாண் கட்ட வேண்டும். பெட்ரோல் குழாய், புகைக் குழாய், விமானத்தைத் திருப்பும் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து ஒயர் விலகியிருக்க வேண்டும்.

3. சாக்கெட் பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் முன்விசிறிக்கும் தள்ளி இருக்க வேண்டும். விமானி சுற்றிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டும்.

4. இரண்டு முனை கொண்ட பிளக் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு முனை திறந்திருக்கும். மற்றது ரப்பருக்குள் மறைந்திருக்கும். பேட்டரிப் பக்கத்தில் மறைந்த முனைதான் பிளஸ். பெரும்பாலும் விமானத்தின் உலோக உடம்பு மைனஸோடு சேர்ந்திருக்கும். திறந்த முனை மைனஸாக இருந்தால் உடம்பில் பட்டாலும் தீங்கு இல்லை. பிளஸாக இருந்தால் பொறி பறக்கும்.

சார்ஜ் ஏற்றும் முறை

பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவது நல்லது. 18 ஆம்பியர் மணி பேட்டரிக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர். பாதி இறங்கியிருந்தால் 9 ஆம்பியர் மணி ஏற்ற வேண்டும். 9-ஐ 2-ஆல் வகுத்தால் நாலரை மணி. வீணாவதையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஆகும்.

முதலில் விமானத்தின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்க வேண்டும். பிறகு பிளக்கைச் செருக வேண்டும். கடைசியில்தான் சார்ஜருக்குக் கரண்ட் போட வேண்டும். முடிந்ததும் முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். பிறகே பிளக்கை உருவ வேண்டும்.

இந்த வரிசை எதற்கு? சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு சிறு பொறி பட்டாலும் அது வெடிக்கும். காற்றோட்டம் வேண்டும். பீடி, தீக்குச்சி கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும். ஈய பேட்டரியின் சார்ஜரை அதில் மாட்டக் கூடாது.

சார்ஜர் ஒயரில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம். ஒயரோடு விமானத்தைக் கிளப்பாமல் அது காக்கும்.

இன்னொன்று. இந்த பிளக் சார்ஜ் ஏற்ற மட்டுமே. இதில் வேறு பேட்டரியை இணைத்துச் செல்ப் அடிக்கக் கூடாது. செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். அதற்குத் தடித்த ஒயரும் தனி இணைப்பும் வேண்டும்.

அனுமதி வேண்டும்

நம் நாட்டில் விமானம் பறக்க டெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் உண்டு. கையால் கட்டிய விமானமும் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. ஓர் ஒயர் சேர்த்தாலும் தகுதி உள்ளவர் பார்க்க வேண்டும். ஏட்டில் எழுத வேண்டும். கூடிய எடையையும் குறிக்க வேண்டும். அடுத்து வேலை செய்பவர் அந்த ஏட்டைப் படித்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவார்.

நம் ஊருக்கு என்ன பயன்?

அகளியில் நம்மிடம் விமானம் இல்லை. ஆனால் ஜீப் இருக்கிறது. சோலார் விளக்கும் சோலார் வேலியும் இருக்கின்றன. பலவற்றில் இதே பேட்டரிதான். உங்கள் சோலார் வேலியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ப்யூஸ் இருக்கிறதா? பேட்டரி அருகில் இருக்கிறதா? ப்யூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் இன்றே மாற்றுங்கள். பேட்டரி இறங்கிவிட்டது என்று வீட்டுக் கரண்டை நேராக வேலிக் கம்பியில் கொடுக்கவே கூடாது. அது மனிதரையும் யானையையும் கொல்லும். சட்டப்படி குற்றமும் ஆகும்.

புதிய சொற்கள்

ப்யூஸ் - மின்சாரம் அளவு மீறினால் தானே உருகி நிறுத்தும் கம்பி
ஆம்பியர் - ஓடும் மின்சாரத்தின் அளவு
வோல்ட் - மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு
மேக்னட்டோ - காந்தத்தால் பொறி தரும் கருவி

கூடிப் பேசுவோம்

1. ப்யூஸ் ஏன் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்?
2. சார்ஜ் முடிந்ததும் முதலில் எதை நிறுத்த வேண்டும்? ஏன்?
3. 40 ஆம்பியர் மணி பேட்டரிக்கு எத்தனை ஆம்பியரில் சார்ஜ் ஏற்றலாம்?
4. உங்கள் வீட்டில், வேலியில், வண்டியில் எத்தனை பேட்டரி உள்ளன? எதில் ப்யூஸ் இல்லை? எழுதி வாருங்கள்.