நெஞ்சு வலி மாத்திரையும் ‘அந்த’ மாத்திரையும்... சேரவே கூடாது!

அறந்தாங்கியோ ஆலங்குடியோ, மருந்துக் கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கப்படும் மாத்திரை ஒன்று உண்டு. சில்டெனாஃபில். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. வெட்கத்தில் பலர் டாக்டர் பக்கமே போவதில்லை. ஆபத்து அங்கேதான்.

இது முதலில் நெஞ்சு வலிக்காகப் பரிசோதிக்கப்பட்ட மருந்து. அப்போது தெரிந்த பக்கவிளைவே பிறகு அதன் வேலையாகி, 1998-ல் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி பெற்றது. இது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், ஆசையை உண்டாக்காது.

நம் வீட்டுப் பெரியவர்களின் பர்ஸில் இன்னொரு மாத்திரை இருக்கும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட். அதுவும் ரத்தக் குழாய்களை விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம் வரை, தடாலஃபில் என்றால் 48 மணி நேரம் வரை இந்த வகை மாத்திரை கூடாது.

நடுராத்திரியில் கணவருக்கு நெஞ்சு வலி வந்தால் மனைவி பதறிப்போய் எடுத்துக் கொடுப்பது சார்பிட்ரேட்டைத்தான். கணவர் என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாதே! அதனால், மனைவியிடம் மறைக்காதீர்கள். 108-ல் வருபவரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் 50 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 25. நாளுக்கு ஒரு முறைதான். பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ‘பலிக்கலையே’ என்று இன்னொன்றை விழுங்குவது தவறு. தலைவலி, மூக்கடைப்பு வரலாம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புராஸ்டேட் சுரப்பிக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

‘நாங்கள் மூலிகைதான்’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: அப்படி விற்கப்பட்ட பல பொருள்களில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது.

இன்னொரு விஷயம், விறைப்புக் குறைபாடு சர்க்கரை நோய், இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். புதுக்கோட்டை முள்ளூரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கும்போது, ‘சுகர், பிரஷர் பார்க்கணும்’ என்றாலே போதும். மற்றதை டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.