சக்கரங்களின் மேல் ஒரு வீடு

கோடை விடுமுறை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மே மாதமும், சொந்த ஊருக்குச் செல்லும் தொடர்வண்டியும் ஆகும். உலகின் தென்பாதியில் உள்ள ஆஸ்திரேலியாவிலோ டிசம்பரும் ஜனவரியுமே கோடை மாதங்கள். அக்காலத்தில் அங்குப் பல குடும்பங்கள் தம் மகிழுந்தின் பின்னே ஒரு சிறு வீட்டை இணைத்துக்கொண்டு நெடும்பயணம் புறப்படுகின்றன. அவ்வீட்டைக் 'கேம்பர் டிரெய்லர்' என வழங்குவர். நாம் அதனைக் கூடார இழுவண்டி எனலாம்.

இழுவண்டியின் அமைப்பு

இழுவண்டிக்குத் தனியே இயந்திரம் இல்லை. ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு பெட்டி ஆகியவையே அதன் அடிப்படை. ஓடும்போது பெட்டி மூடியிருக்கும். நிறுத்திய இடத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த துணிக்கூடாரம் விரியும், படுக்கை அமையும். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ உள்ள ஒரு தட்டை இழுத்தால் அடுப்பும் கழுவுதொட்டியும் கொண்ட சமையலறை வெளிப்படும். அடியில் குடிநீர்த் தொட்டி பொருத்தப்பட்டிருக்கும்.

மகிழுந்தின் பின்புறம் இரும்புக் குண்டு ஒன்று உண்டு. இழுவண்டியின் முன்னுள்ள கிண்ணம் போன்ற பிடி அக்குண்டைக் கவ்விக்கொள்ளும். பிடி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதவாறு பாதுகாப்புச் சங்கிலி தடுக்கும். மகிழுந்தில் தடை போடும்போது இழுவண்டியின் பின்விளக்கும் எரிய வேண்டும். அதற்கென மின்கம்பி ஒன்று இரண்டையும் இணைக்கும். புறப்படுமுன் இம்மூன்றையும் சரிபார்ப்பது கட்டாயம்.

மரமற்ற சமவெளி

இத்தகைய பயணங்களுள் புகழ்பெற்றது அடிலெய்டு நகரிலிருந்து பெர்த் நகருக்குச் செல்லும் பயணம். தொலைவு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். இடையில் நல்லர்போர் சமவெளி குறுக்கிடுகிறது. இப்பெயர் 'மரம் இல்லை' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களால் ஆனது. நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனதால் பெய்யும் சிறு மழையும் வெடிப்புகளின் வழியே கீழிறங்கிவிடும். அதனால் ஆறுகள் இல்லை. நிலத்தடி நீரும் பெரும்பாலும் உப்புச்சுவை உடையது. கோடையில் வெப்பநிலை 40 பாகையைக் கடப்பதுண்டு.

1841ஆம் ஆண்டில் எட்வர்டு ஜான் அயர் என்பவர் இவ்வழியே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றார். கடலோர மணற்குன்றுகளில் எங்குத் தோண்டினால் நீர் ஊறும் என்பதை அம்மண்ணின் தொல்குடி மக்கள் அவருக்குக் காட்டினர். அவர்களது அறிவின்றி அப்பயணம் நிறைவேறியிருக்காது. இன்று அங்குள்ள அயர் நெடுஞ்சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதில் ஒரு பகுதி, சிறு வளைவும் இன்றி 146.6 கிலோமீட்டர் நேராகச் செல்கிறது. ஒரு எரிபொருள் நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடையே சில இடங்களில் 180 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி உள்ளது. அந்நிலையங்களிலும் நீர் அருமையான பொருளே. ஆகவே தமக்கு வேண்டிய நீரைப் பயணிகள் தாமே சுமந்து செல்ல வேண்டும்.

நீரின் கணக்கு

நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று 80 லிட்டர் நீருடன் புறப்படுவதாகக் கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனில், அந்நீர் நான்கு நாள்களுக்குப் போதுமானது. ஒவ்வொருவரும் 15 லிட்டர் வாளியால் ஒருமுறை குளித்தாலோ ஒரே காலையில் 60 லிட்டர் தீர்ந்துவிடும். எஞ்சுவது ஒரு நாளுக்குரிய நீரே. எனவே குளியலுக்கு மாற்றாக ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வர். பாத்திரங்களைத் துடைத்த பின்னரே சிறிது நீரில் கழுவுவர்.

பாரத்தின் கணக்கு

நம் முன்னோர் திருவிழாக்களுக்குக் கூண்டு வண்டியில் கட்டுச்சோற்றுடன் சென்றனர். வண்டி ஓட்டுவோர் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டையும் பார்த்து ஏற்றினர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கயிறு கழுத்தை இறுக்கும். இழுவண்டிக்கும் இதே விதி பொருந்தும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இணைப்புக் குண்டின்மேல் அமைய வேண்டும் என்பர். 1,000 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது 100 கிலோ ஆகும். பின்பாரம் மிகுந்த வண்டி வேகமாகச் செல்லுகையில் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். 30 மீட்டருக்கும் மேல் நீளமுடைய சரக்கு வண்டி ஒன்று அருகில் கடந்து சென்றால், அதன் காற்றே அவ்வாட்டத்தைத் தூண்டிவிடும். ஆட்டம் மிகுந்தால் மகிழுந்தும் கவிழக்கூடும்.

இங்கே நீரும் பாரமும் ஒன்றுசேர்கின்றன. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. நீர்த்தொட்டி அச்சுக்கு முன்னே இருந்தால், நீர் தீரத் தீர முன்பாரம் குறையும். முதல் நாள் நேராக ஓடிய வண்டி நான்காம் நாள் ஆடத் தொடங்கலாம். ஆகவே பின்புறம் உள்ள பொருள்களை முன்னே மாற்றி அடுக்க வேண்டும். இவ்வேலையில் சிறுவர்க்கும் பங்கு உண்டு.

வழியில் கவனிக்க வேண்டியவை

மாநில எல்லையில் ஒரு சோதனைச் சாவடி உள்ளது. பழ ஈ போன்ற பூச்சிகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் தோட்டங்களுக்குள் நுழையாதிருக்கப் பழங்களையும் காய்கறிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். அதனால் அவற்றை எல்லைக்கு முன்னரே உண்டு தீர்ப்பர். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். ஆகவே பொழுது சாயுமுன் வண்டியை நிறுத்திவிடுவர். நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் ஓடுபாதைக் குறிகள் வரையப்பட்டிருக்கும். நோயுற்றோரை அழைத்துச் செல்லும் மருத்துவ வானூர்திகள் இடர்க்காலத்தில் அங்கே சாலையிலேயே இறங்கும். மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அக்குறிகள் உணர்த்துகின்றன.

நகர வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அதன் அளவை எவரும் எண்ணுவதில்லை. சக்கரங்களின் மேலுள்ள வீட்டிலோ ஒவ்வொரு குவளையும் கணக்கில் அடங்கும். அக்கணக்கைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருப்பதே அப்பயணத்தின் பாதுகாப்பு.

பயிற்சி

1. நல்லர்போர் சமவெளியில் ஆறுகள் இல்லாததற்குக் காரணம் யாது?
2. முன்பாரம், பின்பாரம் – வேறுபாட்டை மாட்டுவண்டியைக் கொண்டு விளக்குக.
3. நீர்த்தொட்டி அச்சுக்குப் பின்னே இருந்தால், நீர் தீரும்போது முன்பாரம் கூடுமா, குறையுமா? காரணம் தருக.
4. உங்கள் வீட்டில் ஒரு நாளில் செலவாகும் நீரை அளந்து, 80 லிட்டர் எத்தனை மணி நேரத்திற்குப் போதும் எனக் கணக்கிட்டு எழுதுக.